எட்டு மணி ரத்தம்

மார்ச் 3
இன்றும் பதினொரு மணிக்குத்தான் எழுந்தான். எழுந்தும் போர்வையை விடவில்லை. "குளிருதுக்கா." எனக்கு வியர்க்கிறது.

மார்ச் 4
ஜூலையில் தம்பிக்குத் தலையில் அடிபட்டபோது எடுத்த சி.டி. ரிப்போர்ட்டை மறுபடி படித்தேன். சின்ன ரத்தக்கட்டு, மற்றபடி நார்மல். அந்த "மற்றபடி" என்ற சொல்லைப் பார்த்தாலே ஆத்திரம் வருகிறது.

மார்ச் 7
ராத்திரி முழுக்கப் படித்தேன். பிட்யூட்டரி, மற்ற ஹார்மோன் சுரப்பிகளை ஏவும் சுரப்பி. அரை கிராம் எடை, பட்டாணி அளவு. மூக்குக்குப் பின்னால், மண்டையோட்டின் அடியில் ஒரு எலும்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. மேலே மூளையோடு அதைச் சேர்ப்பது மெல்லிய ஒரு காம்பு. முன்பாதிக்கு வேண்டிய ரத்தத்தில் பெரும்பங்கு அந்தக் காம்பு வழியாகத்தான் இறங்குகிறது. தலை மோதும்போது மூளை ஆடுகிறது, சுரப்பியோ குழிக்குள் அசையாமல் இருக்கிறது. நடுவில் இழுபடுவது காம்பு. சி.டி.யில் எலும்பு முறிவும் ரத்தக்கசிவும் தெரியும், இது தெரியாது. இதை 1918-லேயே ஒரு ஜெர்மன் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்களிடம் ஏன் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

மார்ச் 8
அம்மா மறுபடி "சோம்பேறித்தனம்" என்றாள். சத்தம் போட்டுவிட்டேன்.

மார்ச் 9
அவன் ரேசர் குளியலறைத் தட்டில் காய்ந்து கிடக்கிறது. முன்பெல்லாம் ஒரு நாள் விட்டால் கன்னம் கறுத்துவிடும். இன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், பத்து நாளாக ஷேவ் செய்யாத முகம் மாதிரியே இல்லை.

மார்ச் 12
ஹார்மோன் டாக்டர். அடிபட்ட புதிதில் தண்ணீர் நிறையக் குடித்தானா, சிறுநீர் அதிகம் போனதா என்று கேட்டார். தலைமாட்டில் வைத்த குடம் ராத்திரிக்குள் காலியாகும். இரண்டு வாரத்தில் தானாக நின்றது. நாங்கள் மருந்துச் சூடு என்று நினைத்திருந்தோம். அவர் அதைக் கோடு போட்டு எழுதிக்கொண்டார். காலை 8 மணிக்கு ரத்தம் எடுக்க வேண்டும். கார்டிசோல் என்ற ஹார்மோன் அப்போதுதான் உச்சத்தில் இருக்குமாம்.

மார்ச் 13
எழுப்ப முடியவில்லை.

மார்ச் 14
8.10.

மார்ச் 17
கார்டிசோல் 2.1. மூன்றுக்குக் கீழே என்றால் வேறு சோதனையே வேண்டாமாம், மாத்திரை இன்றே. டெஸ்டோஸ்டிரோன் குறைவு. தைராய்டு ஹார்மோனும் குறைவு, ஆனால் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். நார்மல். போன முறை டி.எஸ்.எச். மட்டும் பார்த்துத்தான் "தைராய்டு இல்லை" என்று அனுப்பினார்கள். டி.எஸ்.எச்.சை அனுப்புவதே பிட்யூட்டரிதானே! அடிபட்டது அதுவென்றால் அந்த எண்ணை எப்படி நம்புவது?

தைராய்டு மாத்திரை ஒரு வாரம் கழித்துத்தான். கார்டிசோல் இல்லாத உடம்பில் அதை முதலில் கொடுத்தால் ஆபத்து. காய்ச்சல் வந்தால் கார்டிசோல் மாத்திரை இரட்டிப்பு. சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன்.

மார்ச் 19
எம்.ஆர்.ஐ. இந்த முறை பிட்யூட்டரிக்கென்றே, மெல்லிய துண்டுகளாக, மருந்து ஏற்றி. உள்ளே போகுமுன் என் கையைப் பிடித்தான். கை ஜில்லென்று இருந்தது.

மார்ச் 21
டாக்டர் திரையில் காட்டினார். குழி நிறையத் தண்ணீர். அடியில், பாய் விரித்தமாதிரி, தட்டையாக ஒரு சாம்பல் கோடு. அதுதான் சுரப்பி. பின்னால் ஒரு வெள்ளைப் புள்ளி. அது இருப்பது நல்லது, பின்பாதி பிழைத்திருக்கிறது என்றார். உடம்பில் தண்ணீரைத் தக்கவைக்கும் ஹார்மோன் அந்தப் பாதியிலிருந்துதான் வருகிறது; தண்ணீர் தாகம் நின்றதற்கும் இதற்கும் பொருந்துகிறது.

ஸ்கேனை மட்டும் நம்பக் கூடாது என்றும் சொன்னார். படம் சுத்தமாக இருந்தும் ஹார்மோன் விழுந்தவர்கள் உண்டு, குழி காலியாகத் தெரிந்தும் நன்றாக இருப்பவர்கள் உண்டு. தீர்ப்பு ரத்தத்தில்தான். சரி. ஆனாலும் எனக்கு அந்தப் படம் வேண்டியிருந்தது. போனில் எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 22
அம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "இவ்வளவு சின்னதா?" என்றாள். அப்புறம் எழுந்துபோய் அவன் அறை மின்விசிறியை நிறுத்தினாள்.

மார்ச் 25
நேற்று தைராய்டு மாத்திரையும் சேர்ந்தது. வளர்ச்சி ஹார்மோன் சோதனை இப்போது இல்லை, அடிபட்டு ஒரு வருஷம் ஆகட்டும் என்கிறார். சிலருக்குத் தானாகவே திரும்புமாம். சிலருக்கு.

மார்ச் 26
வெள்ளைப் புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 28
காலை ஏழே முக்காலுக்குக் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம். நான் கதவைத் தட்டவில்லை.