பேனா அழுத்தம்: என் கைக்கு ஏற்றபடி

கல்யாண ஆல்பத்துக்கு முகங்களை டேப்லெட் பேனாவால் கம்ப்யூட்டரில் சரிசெய்யும்போது, பேனாவை அழுத்துவதற்கு ஏற்ப எனக்கு வேண்டியது பிரஷ்ஷின் தடிமன் மாறுவது அல்ல, அடர்த்தி மாறுவது. அதனால் போட்டோஷாப்பில் பிரஷ்ஷின் அளவுக்கான அழுத்தத்தை அணைத்துவிட்டு ஒபாசிட்டிக்கு, அதாவது அந்த அடர்த்திக்கு மட்டும் வைத்திருக்கிறேன். ஃப்ளோ, அதாவது நிறம் இறங்கும் வேகம், 5 சதவீதம். கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்க அது போதும். அதற்கு மேல் போனால் மாவு பூசியதுபோல் ஆகிவிடும்.

என் வாகோம் இன்டுவோஸ் டேப்லெட் 4096 அழுத்த நிலைகளை உணரும். ஆனால் என் கை கனமான கை, லேசாக வைத்தாலே உச்சத்துக்குப் போய்விடும். டேப்லெட்டின் டிரைவர் மென்பொருளில் 'டிப் ஃபீல்' ஸ்லைடரை 'ஃபர்ம்' (கூடுதலாக அழுத்த வேண்டிய) பக்கம் தள்ளிய பிறகுதான் இடைப்பட்ட நிலைகள் கைக்கு வந்தன. தம்பிக்கு இது சரிப்படாது. அவன் உட்கார்ந்தால் முதல் வேலை, 'சாஃப்ட்' பக்கம் இழுப்பது.

அப்புறம், பேனாவின் நிப் (முனை) தேய்ந்து விளிம்பு கூராகிவிட்டால் உடனே மாற்றிவிடுங்கள், டேப்லெட் பலகையைக் கீறும்.