வேடியப்பன் கல்லும் என் மாஸ்டோடான் குடிமாற்றமும்

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். சீசன் முடிந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கை எடுத்துக்கொண்டு நடுகல் பார்க்கக் கிளம்பிவிடுவேன். எங்கள் பக்கம் நடுகல் என்று கேட்டால் முழிப்பார்கள். அந்தக் கல்லையே வேடியப்பன் என்று சாமியாகக் கும்பிடுவதால், வேடியப்பன் எங்கே என்று கேட்டால் உடனே கை காட்டுவார்கள்.

அரூர் பக்கம் ஒரு கரட்டோரம், கூரைகூட இல்லாமல் தனியாக நின்ற கல் ஒன்றைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எழுத்து மங்கலாக இருக்கிறது என்று ஒருவர் குறைப்பட, அதையே டாக்குமென்டாக அனுப்பினேன். மூன்று மாதம் கழித்துப் போனால் கல்லின் காலடியில் இடுப்பளவுக் குழி. புதையல் இருக்கும் என்று நம்பித் தோண்டியிருக்கிறார்கள். என் படத்தைப் பார்த்துத்தான் வந்தார்களா, தெரியாது. ஓசூரில் வேலை செய்யும் அக்கா மகன் அந்த ஃபைலைத் திறந்து காட்டினான். தேதி, மணி, அதற்குக் கீழே மேப்பில் ஒரு புள்ளி. அதே கரடு.

"போட்டோவா அனுப்பியிருந்தா இதெல்லாம் உதிர்ந்திருக்கும் மாமா. டாக்குமென்ட்னா உள்ளது உள்ளபடி போயிடும்."

அன்றைக்கே கேமராவில் லொகேஷனை அணைத்தேன். நம்பிக்கையான ஆறு பேரை சிக்னல் என்ற செய்திச் செயலிக்குக் கூட்டிப்போனேன். பதிவு செய்யத்தான் போன் நம்பர் வேண்டும். 2024 முதல் யூசர்நேம் வைத்துக்கொண்டு நம்பரைக் காட்டாமலே பேசலாம். ஒரு சாயங்காலத்தில் முடிந்த வேலை இது. என்னைப் படுத்தி எடுத்தது மாஸ்டோடான் என்ற சமூக வலைத்தளம்தான்.

ஊர் பேர் தெரியாத ஆட்களுக்கும் கல்லைக் காட்ட ஆசை. முன்பு இருந்த தளத்தில் என் கல்லை யாருக்குக் காட்டுவது என்று தளத்துக்காரர்களே முடிவு செய்தார்கள். எனக்கு வந்ததெல்லாம் கடன் விளம்பரம். ஜெர்மனியில் ஆய்கன் ரோஷ்கோ 2016-இல் தொடங்கிய மாஸ்டோடானில் அந்தத் தொல்லை இல்லை என்றான் மருமகன். ஆனால் உள்ளே நுழையும்போதே எந்த சர்வர் என்று கேட்கிறது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"சர்வர்னா ஒரு ஊர் மாதிரி. ஊருக்கு ஒரு தலைவர் மாமா, சந்தை மட்டும் எல்லாருக்கும் பொது. நீங்க எந்த ஊர்ல இருந்தாலும் சந்தைக்கு வரலாம்."

சிறிய சர்வர் ஒன்றில், ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று கேட்ட கட்டத்தில் 'நடுகல்' என்று ஒரே வார்த்தை எழுதினேன். இரண்டு நாள் கழித்து அனுமதி வந்தது. ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: இதில் தனிச்செய்தி என்று அனுப்புவதை சர்வர் நடத்துபவர் நினைத்தால் படிக்கலாம். எழுதும் இடத்திலேயே அந்த எச்சரிக்கை வருகிறது. இடம் சொல்லும் பேச்சை அதனால் சிக்னலிலேயே வைத்துக்கொண்டேன்.

முதல் வாரம் ஈ காக்கை இல்லை. யாரையாவது பின்தொடர்ந்தால்தான் பக்கத்தில் ஏதாவது வரும். படத்துக்கு விளக்கம் எழுதுவது அங்கே வழக்கம், பார்வையில்லாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வதற்காக. 'இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், தொடையில் அம்பு' என்று எழுதிக்கொண்டே வந்தபோதுதான், காலருகே புடைப்பாக இருந்தது கல்லின் பொருக்கு இல்லை, ஒரு நாய் என்று கண்ணில் பட்டது. நாலு தடவை நேரில் பார்த்த கல்!

ஒரு வருடம் ஓடியது. சர்வர் நடத்தியவர், செலவு தாங்கவில்லை, மூன்று மாதத்தில் மூடுகிறேன் என்று எழுதிவிட்டார். நல்ல மனிதர், முன்கூட்டியே சொன்னார். என்னைப் பின்தொடர இருநூறு சொச்சம் பேர் சேர்ந்திருந்தார்கள். போச்சு என்றுதான் நினைத்தேன்.

போகவில்லை. வேறு சர்வரில் புதுக் கணக்கு தொடங்கி, அதன் அமைப்புகளில் பழைய முகவரியை இது என் மாற்றுப்பெயர் என்று முதலில் பதிய வேண்டும். பிறகு பழைய கணக்குக்கு வந்து புது முகவரியும் பாஸ்வேர்டும் கொடுத்து 'நகர்த்து' என்று அழுத்த வேண்டும். நான் வரிசையை மாற்றிச் செய்துவிட்டு, ஏற்கவில்லை என்று அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன். நான் பின்தொடர்பவர்கள் பட்டியலைத் தனி ஃபைலாக இறக்கிப் புது இடத்தில் ஏற்றினேன். என்னைப் பின்தொடர்ந்தவர்கள் தானாகவே, மாட்டுக்குப் பின்னால் கன்று வருவதுபோல, ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். காபி ஆறியதுகூடத் தெரியாமல் எண்ணிக்கை ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிலர் வரவில்லை, அவர்கள் சர்வரும் மூடியிருக்கலாம்.

பழைய பதிவுகள் மட்டும் கூட வராது. நகல் இறக்கி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். கல்லையெல்லாம் மறுபடி முதலிலிருந்து போடுகிறேன். முதலில் போட்டது அரூர்க் கல். குழியை நானும் மருமகனும் மூடிய பிறகு எடுத்த படம். கீழே ஒருவர் எந்த ஊர் என்று கேட்டிருந்தார்.

"மழை நின்றதும் தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள், நானே கூட்டிப்போகிறேன்" என்று பதில் போட்டேன்.