பாட்டியின் தைலக் குப்பி

குன்னூர் பேருந்தில் பக்கத்து இருக்கையில் ஒரு பாட்டி. மடியில் மூக்கொழுகும் கைக்குழந்தை. சுருக்குப்பையிலிருந்து நீலகிரித் தைலத்தை எடுத்து, விரலில் தொட்டு, குழந்தையின் மூக்கருகே கொண்டுபோனார்.

"பாட்டி, மூக்குகிட்ட வேண்டாம்" என்று கையைப் பிடித்துவிட்டேன்.

"எங்க பிள்ளைங்க எல்லாத்துக்கும் இதுதான் கண்ணு" என்றார். கோபமில்லை, அக்கறைதான்.

நம்ம மலையில் தைலம் இல்லாத வீடு அரிது. ஆனால் 2 வயதுக்குள் முகத்தில் தடவினால் மூச்சுத் திணறலாம். வாய்க்குள் போனால் வலிப்புகூட வரலாம்.

சளிக்குக் காரணம் வைரஸ். பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் தானே அடங்கும். அதுவரை அடிக்கடி தாய்ப்பால், மூக்கடைத்தால் உப்புநீர்ச் சொட்டு மருந்து. 1 வயதுக்குள் தேனும் கூடாது.

பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு வேகமாகி நெஞ்சு உள்வாங்கினாலோ உடனே மருத்துவமனை. 3 மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் உடனே மருத்துவமனைதான்.