ஐந்து பேர், ஒரு ஏற்றம், எத்தனை சீசீ?

2025இல் என்னைக் கண்டவர்கள் "என்ன விசேஷம்" என்று கேட்டால் நான் சொன்ன பதில் ஒன்றே ஒன்றுதான்: "ஜீப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்." எங்கள் பக்கம் எஸ்யூவி என்று யாரும் சொல்வதில்லை. தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பி நின்று, பின்னால் ஸ்பெயார் டயர் ஒன்று தொங்கினால் அது ஜீப். ஏழு மாதம் தேடினேன். ஏழு மாதமும் எல்லாரும் கேட்டது "எத்தனை சீசீ?", அதாவது இஞ்சின் எவ்வளவு பெரிது என்றுதான். நானும் ஆரம்பத்தில் அதையேதான் கேட்டுக்கொண்டு திரிந்தேன். அது பாதிக் கேள்விதான் என்று புரிவதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் ஒரு புகைந்த கிளட்சும் தேவைப்பட்டன.

எங்களிடம் இருந்தது 800 சீசீ சின்னக் கார். நானும் மனைவியும் மட்டும் இருந்த காலத்தில் அது ராஜா. 2022இல் 92 ஒக்டேன் பெற்றோல் லீட்டர் 470 ரூபாய் வரைக்கும் போய், கியூஆர் அட்டையைக் காட்டி வாரத்துக்கு 20 லீட்டர் வாங்கிய நாட்களில் அந்தக் காரைத் தொட்டுக் கும்பிடாத குறை. அப்புறம் பிள்ளைகள் இரண்டு பேர் வளர்ந்தார்கள், அம்மா மாதத்தில் பாதி நாள் தேயிலைத் தோட்டத்திலும் பாதி நாள் எங்களோடும் என்று ஆகிவிட்டது, கார் மட்டும் வளரவில்லை. தலவாக்கலை ஏறக்குறைய 1200 மீற்றர் உயரம், நுவரெலியா 1868. இடையில் நானுஓயா ஏற்றத்தில் ஐந்து பேரோடு போகும்போது ஏசியை நிறுத்தி, இரண்டாம் கியரில் போட்டு, வண்டி முனகிக்கொண்டு ஏறும். சின்னவன் பின்சீட்டில் இருந்தபடி எங்களை முந்திப் போகிற ஆட்டோக்களை எண்ணுவான். ஒரு நாள் ஒன்பது வரைக்கும் வந்தது. ஒன்பதாவது ஆட்டோவில் மரக்கறி மூட்டை வேறு இருந்தது.

இதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். டர்போ, அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி, இல்லாத இஞ்சின் ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் தன் பலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கை இழக்கும். அப்படியானால் நுவரெலியாவுக்கு வரும்போது ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டப் போய்விடுகிறது. கொழும்பில் 1500 சீசீயாக ஓடும் வண்டி இங்கே 1200 சீசீ வண்டி மாதிரி நடந்துகொள்ளும். விற்பவர் குருநாகலில் தட்டையான ரோட்டில் ஓட்டிக் காட்டுவார், நாமும் "நல்ல பிக்கப்" என்று தலையாட்டிவிட்டு வருவோம். கினிகத்தேனை தாண்டும்போதுதான் தெரியும்.

நம் நாட்டுச் சந்தையில் 1000, 1500 என்ற எண்களே திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதற்கும் மலைக்கும் சம்பந்தமில்லை. இறக்குமதி வரி சீசீயைப் பார்த்துப் போடப்படுகிறது, அதனால் வரிப் படிக்குக் கீழே நிற்கிற வண்டிகள்தான் அதிகம் வந்தன. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனத்துக்குத் திறந்துவிட்டபோது பழைய வண்டி விலை இறங்கும் என்று நானும் காத்திருந்தேன். காத்திருந்ததுதான் மிச்சம்.

சரி, சீசீ கதைக்கு வருகிறேன். நான் பார்த்த வண்டிகளில் இரண்டை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டொயோட்டா ரஷ், ஜப்பானில் 2006இலிருந்து வந்த பழைய ரகம், 1495 சீசீ, இழுவிசை 141 நியூட்டன் மீற்றர். டொயோட்டா ரேய்ஸ், 996 சீசீ, டர்போ, இழுவிசை 140. ஏறக்குறைய ஒன்றுதான், இல்லையா? ஆனால் ரஷ் அந்த 141ஐத் தருவது இஞ்சின் நிமிடத்துக்கு 4400 சுற்றுக்கு ஏறிய பிறகு. ரேய்ஸ் 2400 சுற்றிலேயே தந்துவிடும், அதோடு எடையும் குறைவு, டர்போ இருப்பதால் உயரத்தில் இளைப்பும் குறைவு. ஆக "ஆயிரம் சீசீயா, மலைக்குச் சரிவராது" என்று சொல்பவரும் தப்பு, "1500 என்றால் எதற்கும் பயமில்லை" என்று சொல்பவரும் தப்பு. எந்தச் சுற்றில் எவ்வளவு இழுக்கிறது, எவ்வளவு எடையை இழுக்கிறது, அதைப் பார்க்க வேண்டும். டர்போ இல்லை என்றால் ஐந்து பேருக்கு 1500க்குக் கீழே போகாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். 2000 சீசீ கிராண்ட் விட்டாராவையும் பார்த்தேன், சொகுசான வண்டி, ஆனால் சீசீ கூடிய அளவுக்கு எடையும் கூடியிருக்கிறது, கணக்குப் போட்டால் ஒரு கிலோவுக்கு விழுகிற சீசீ ரஷ்ஷுக்கும் அதற்கும் கிட்டத்தட்ட சமம்.

டீசலைப் பற்றி ஒரு வரி. பெரிய டீசல் ஜீப் மலைக்கு ஏற்றதுதான், மறுக்கவில்லை. ஆனால் வயதான கொமன் ரெயில் டீசலில், அதாவது உயர் அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் இஞ்சினில், இன்ஜெக்டர்கள் கைவிட்டால் வரும் பில்லை ஆசிரியர் சம்பளத்தில் கட்ட முடியாது. அதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொண்டேன்.

இனி அந்தப் புகைந்த கிளட்ச். வத்தளையில் இருக்கும் மச்சான் "ஹைபிரிட் எடு, லீட்டருக்கு இருபது ஓடும்" என்று விடாமல் சொன்னதால் ஒரு ஹைபிரிட் ஜீப்பைப் பார்க்கப் போனோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இரட்டை கிளட்ச் கியர்பொக்ஸ். விற்பவர் நல்ல மனிதர், "சேர், உங்கட ரோட்டிலயே ஓட்டிப் பாருங்க" என்று வண்டியோடு எங்கள் ஊருக்கே வந்தார். ரதெல்ல குறுக்கு வீதியில் முன்னால் ஒரு லொறி ஆமை வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது, நாங்கள் பின்னால் ஊர்ந்தோம், நின்றோம், ஊர்ந்தோம். பத்து நிமிடத்தில் கியர்பொக்ஸ் சூடாகிவிட்டது என்று டாஷ்போர்டில் எச்சரிக்கை விழுந்தது. கண்ணாடியை இறக்கினால் கிளட்ச் எரிகிற வாசம். இது அந்த ஒரு வண்டியின் குறை மட்டுமில்லை. எண்ணெயில் நனையாத உலர்ந்த இரட்டை கிளட்ச், ஏற்றத்தில் ஊரும்போது பாதி பிடித்தும் பாதி விட்டும் உரசிக்கொண்டே இருக்கும், சூடு போக வழியில்லை. வேகமாக ஓடும் ரோட்டில் அதைப் போல நல்ல கியர்பொக்ஸ் இல்லை, லொறிக்குப் பின்னால் ஊர்வதற்கு அது செய்யப்படவில்லை.

ஏற்றத்தை மட்டும் சொல்லிக்கொண்டு போகிறேன், உண்மையில் எனக்குப் பயம் இறக்கம்தான். 2023 ஜனவரியில் இதே ரதெல்ல வீதியில் பஸ் ஒன்று வேனிலும் ஆட்டோவிலும் மோதி 7 பேர் இறந்தார்கள், அந்த வளைவைத் தாண்டும்போது இப்போதும் வண்டிக்குள் யாரும் பேசுவதில்லை. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும், இஞ்சினையே பிரேக்காகப் பயன்படுத்த வேண்டும் என்று இங்கே பஸ் ஓட்டாத ஆட்களுக்கும் தெரியும். அதனால் வாங்கப்போகும் வண்டியில் கீழ் கியரை நம் கையால் போட்டுப் பிடித்து வைக்க முடிகிறதா என்று பாருங்கள். ஹைபிரிட் இறக்கத்தில் பேட்டரியை நிரப்பும், நல்ல விஷயம், ஆனால் சின்ன பேட்டரி நீண்ட இறக்கம் முடிவதற்கு முன்பே நிரம்பிவிடும், அதற்குப் பிறகு வண்டியைப் பிடிப்பது இஞ்சினும் பிரேக்கும்தான். சீவீடீ கியர்பொக்ஸ், அதாவது தனித்தனிக் கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் ஓட்டோ, என்றால் அதன் எண்ணெயைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்கள். "அது மாத்தத் தேவையில்ல" என்று பதில் வந்தால் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

வண்டி பார்க்க நான் தனியாகப் போனதில்லை. கொட்டகலைப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் பாஸ் ஒருவரை ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டிப் போனேன், நாள் கூலியும் சாப்பாடும். குருநாகலில் ஒரு வெள்ளை ஜீப், மீட்டரில் 78,000 கிலோமீற்றர், உள்ளே வாசனைத் திரவியம், டயருக்கெல்லாம் கறுப்பு பொலிஷ். நான் மயங்கியே போனேன். பாஸ் பொனட்டைத் திறக்கவே இல்லை. டிரைவர் கதவைத் திறந்து குனிந்து பிரேக் பெடலின் ரப்பரைப் பார்த்தார். கோடுகள் எல்லாம் தேய்ந்து வலது மூலை வழுவழுவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. "சேர், மீட்டர பாக்காதீங்க, பெடல பாருங்க. இது எழுபத்தெட்டு ஓடின கால் இல்ல." அப்புறம் ஆறிக் கிடந்த ரேடியேட்டரின் மூடியைத் திறந்து விரலை விட்டார், தேநீர்ச் சாயம் மாதிரித் துரு ஒட்டிக்கொண்டு வந்தது. கூலன்ட் ஊற்றாமல் பைப் தண்ணீரிலேயே வருஷக்கணக்கில் ஓட்டியிருக்கிறார்கள். தட்டையான ஊரில் அது இன்னும் இரண்டு வருஷம் தாக்குப்பிடிக்கும், எங்கள் ஏற்றத்தில் ஒரே மாதத்தில் ஹெட் கேஸ்கட்டைத் தின்றுவிடும் என்றார்.

அவரிடம் இன்னொன்றும் கற்றேன். நீர்கொழும்பு மாதிரிக் கடலோரத்தில் ஓடிய வண்டி என்றால் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும், உப்புக் காற்று செசியை, அதாவது அடிச்சட்டத்தைத்தான் முதலில் அரிக்கும். நம்பர் பிளேட்டில் மத்திய மாகாணத்தின் சீபீ எழுத்து இருக்கிற மலைநாட்டு வண்டி என்றால் கிளட்சையும் பிரேக் டிஸ்க்கையும் பார்க்க வேண்டும். "நம்ம ஆள் ஓட்டுன வண்டிய நம்ம ஆளே வாங்கக்கூடாது சேர்" என்று சொல்லிச் சிரித்தார்.

காகித விஷயம் சுருக்கமாக. பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் இருந்தால் அதை நீக்கிய பிறகே முழுப் பணம். பெயர் மாற்றாமல் ஓபன் பேப்பரோடு நாலு கை மாறிய வண்டி எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம். செசி நம்பரை உங்கள் கண்ணாலேயே புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

கடைசியில் ரேய்ஸ் என் கைக்கு எட்டவில்லை. செப்டெம்பரில் வாங்கியது 2008 ரஷ், 1500 சீசீ, கையால் மாற்றும் ஐந்து கியர். ஓட்டோ இல்லை என்பதால் கொழும்பில் பலர் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போன வண்டி, அதனால் பேசிக் குறைக்கவும் முடிந்தது. டைமிங் பெல்ட் இல்லை, செயின். பாஸ் தலையாட்டினார், அதைவிட எனக்குப் பெரிய சான்றிதழ் தேவைப்படவில்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு நிபந்தனை வைத்தேன். மனைவி, பிள்ளைகள், அம்மா எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டு, நானுஓயா ஏற்றத்தில் ஒரு முறை. மூன்றாம் கியரில் ஏறியது, இரண்டு வளைவில் மட்டும் இரண்டாவது. சின்னவன் ஆட்டோ எண்ணினான், பூச்சியம்.

இனி செலவு. பெற்றோல் அடிப்பதையெல்லாம் கொப்பியில் எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. பழைய 800 சீசீ கார் ஐந்து பேரோடு இந்த மலையில் லீட்டருக்குப் பன்னிரண்டரைதான் கொடுத்தது, தட்டையான ரோட்டில் பதினெட்டு கொடுத்த அதே கார். எந்நேரமும் கீழ் கியரில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஏறினால் அப்படித்தான். ரஷ் பத்து கொடுக்கிறது. நாங்கள் மாதம் 900 கிலோமீற்றர் ஓடுகிறோம், முன்னே 72 லீட்டர், இப்போது 90. மாதம் 18 லீட்டர் கூட. நான் பயந்தது இதைப்போல இரண்டு மடங்குக்கு. இந்தப் பதினெட்டு லீட்டருக்குப் பதிலாக ஏசியும், வளைவில் முந்துவதற்குக் கொஞ்சம் தெம்பும் கிடைத்திருக்கிறது. மச்சானிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன், அவன் இன்னும் இருபதைப் பற்றித்தான் பேசுகிறான்.

நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலை சரிந்து, அம்மா இருக்கும் தோட்டத்து ரோடு பாதி கல்லும் பாதி சேறுமாகக் கிடந்தபோது இந்த வண்டியின் தரை உயரம் 200 மில்லிமீற்றர் என்பதை ஒவ்வொரு மில்லிமீற்றராக அனுபவித்தேன். பழைய காராக இருந்தால் ஸ்டோர் சந்தியிலேயே விட்டுவிட்டு நடந்திருக்க வேண்டும்.

குறைகளும் இருக்கின்றன. சஸ்பென்ஷன் கடினம், நீண்ட பயணத்தில் பின்சீட்டில் பெரியவள் வாந்தி எடுக்கிறாள். ஐந்தாம் கியரிலும் இஞ்சின் இரைகிறது. அப்புறம் அந்தப் பின்கதவு, ஸ்பெயார் டயரையும் சுமந்துகொண்டு பக்கவாட்டில் திறப்பது. லயத்துக்கு முன்னால் வண்டியை மதிலோடு ஒட்டி நிறுத்தினால்தான் மற்றவர்கள் போக முடியும், அப்படி நிறுத்தினால் கதவு ஒரு சாண்தான் திறக்கும். போன சனிக்கிழமை அம்மா கொடுத்துவிட்ட லீக்ஸ் கட்டையும் பலாக்காயையும் பக்கக் கதவு வழியாக, பிள்ளைகளின் தலைக்கு மேலாகத்தான் உள்ளே கடத்தினோம். அம்மா திண்ணையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இவ்வளவு காசு குடுத்து வாங்கினியே, கதவு தொறக்குதான்னு பாத்தியாப்பா?" என்று கேட்டார்.

பெடலைப் பார்த்தோம், ரேடியேட்டரைப் பார்த்தோம், அடியில் படுத்துப் பார்த்தோம். கதவை யாரும் பார்க்கவில்லை.