தண்ணீர்மலையில் ஏறிப் பழகி, செம்பாறைப் பாலைக்குப் போன கதை

பினாங்கில் மலையேறினால் உடம்பு தன் கணக்கைத் தானே சொல்லிவிடும். அரைமணி நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், கழற்றிப் பிழிந்தால் சொட்டும். எவ்வளவு தண்ணீர் இழந்தோம் என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். அந்தப் பழக்கத்தை நம்பி ஆஸ்திரேலியாவின் நடுப்பாலைக்குப் போகக்கூடாது என்பது திட்டம் போட ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அங்கே காற்று அவ்வளவு வறட்சி. வேர்வை வந்த சுவடே தெரியாமல் உலர்ந்துவிடும். சட்டை காய்ந்தே இருக்கும், உள்ளே உடம்பு வற்றிக்கொண்டிருக்கும்.

நான், தம்பி, மாமா என்று மூன்று பேர். மாமாவுக்கு வயது 61, பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிவப்புப் பாறை பார்க்க வேண்டும் என்பது அவருடைய ரொம்ப நாள் ஆசை. மே கடைசியில் பள்ளி விடுமுறை. அங்கே அது குளிர் தொடங்கும் காலம், மே முதல் செப்டம்பர் வரை நடக்க நல்ல பருவம். பகலில் 25 டிகிரியை ஒட்டி இருக்கும், விடியற்காலையில் 10-க்குக் கீழே போகும். கோடையில் போனால் கதையே வேறு.

முதலில் எல்லாரையும் போல உலுரு என்கிற அந்தச் சிவப்புப் பாறையைத்தான் நினைத்தோம். அதன்மேல் ஏறுவதை 2019 அக்டோபர் 26-ஆம் தேதியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனங்கு மக்களுக்கு அது புனிதமான இடம், ஏறாதீர்கள் என்று அவர்கள் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கோயிலும் குலதெய்வமும் வைத்திருக்கிற நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. பாறையைச் சுற்றி வர 10.6 கிலோமீட்டர், சமதரை. அதற்கு ஒரு நாளை ஒதுக்கிவிட்டோம். ஆனால் மலை ஏறி நடக்கிற ஒரு முழு நாள் வேண்டும் என்று தேடியபோது கிடைத்தது கிங்ஸ் கேன்யன். வட்டார்க்கா தேசியப் பூங்காவுக்குள் இருக்கிற பெரிய பள்ளத்தாக்கு, லுரிட்ஜா என்கிற பூர்வகுடி மக்களின் பூமி. அதன் விளிம்பை ஒட்டியே 6 கிலோமீட்டர் பாதை, மூன்று மணி முதல் நான்கு மணி நேரம் ஆகும். தொடக்கத்திலேயே செங்குத்தாக ஏறக்குறைய 500 படி.

500 படி என்றதும் மாமா முகத்தில் வெளிச்சம். "நம்ம தண்ணீர்மலை முருகனுக்கு 513 படிடா! தைப்பூசத்துக்குத் தைப்பூசம் ஏறுறேன். இது எனக்குப் பெரிசா?"

அங்கேயே பயிற்சியை ஆரம்பித்தோம். சனி, ஞாயிறு காலை ஆறரைக்கு மூவரும் அடிவாரத்தில் நிற்போம். கோயில் படி என்பதால் செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறினோம். காலணி பழக வேண்டுமே, அதற்குக் கொடிமலை. பினாங்குத் தாவரவியல் பூங்கா வாசலிலிருந்து மேலே போகிற ஜீப் பாதை ஐந்து கிலோமீட்டர், நல்ல செங்குத்து. மாமாவுக்குச் சர்க்கரை இருப்பதால் புதுக் காலணியை ஆறு வாரம் இந்தப் பாதையில் போட்டு நடக்க வைத்தேன். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் விரலிடுக்கையும் குதிகாலையும் பார்ப்போம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கொப்புளம் சின்ன விஷயம் இல்லை. புதுக் காலணியோடு நேராகப் பாலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

பையில் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். தூக்கிப் பழக வேண்டும் என்று இங்கேயே தூக்கினோம். குழாய் வைத்த தண்ணீர்ப் பை ஒன்றை இரவல் வாங்கியிருந்தேன். கொடிமலைப் பாதையின் நடுவில் அது மூடியோரம் கசிந்து, முதுகு நனைந்ததே எனக்குத் தெரியவில்லை, வேர்வை என்றே நினைத்தேன். பையை இறக்கிப் பார்த்தால் பாதித் தண்ணீரைக் காணோம். இங்கே பரவாயில்லை, கீழே வந்து கடையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தோம். அன்றே அந்தப் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு லிட்டர் பாட்டில் மூன்று என்று மாற்றிக்கொண்டேன். பாட்டில் என்றால் எவ்வளவு குடித்தோம், எவ்வளவு மிச்சம் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். உப்புக் கரைசல் பொட்டலமும் நிலக்கடலையும் கூடவே. அம்மா கட்டித் தந்த முறுக்கையும் இட்லிப்பொடியையும் ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் அட்டையில் எழுதிக் காட்டினோம். உணவு எதுவானாலும் அங்கே மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

திட்டத்தில் நான் செய்த பெரிய தவறு வண்டிக் கணக்கில். உலுரு பக்கம் யுலாராவில் தங்கி, விடியுமுன் கிளம்பி, நடந்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம் என்று எழுதி வைத்திருந்தேன். நம்மைப் போலவே அங்கும் இடப்பக்கம் ஓட்டுவது, சாலையும் நல்ல தார்ச்சாலை, வரைபடத்தில் சுலபமாகத் தெரிந்தது. ஆனால் ஒரு வழியே 300 கிலோமீட்டர் வரும், மூன்று மணி நேரத்துக்கு மேல். அதைவிட, பொழுது சாய்ந்த பிறகு கங்காருவும் மாடும் காட்டு ஒட்டகமும் சாலைக்கு வந்துவிடும். வாடகை வண்டி ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரை படித்த தம்பிதான் கண்டுபிடித்தான்: ஊருக்கு வெளியே இருட்டில் ஓட்டி விபத்தானால் காப்பீடு கிடையாது. அந்த இடத்திலேயே என் திட்டத்தைக் கிழித்தேன். முந்தின நாள் மதியமே கிளம்பி, பள்ளத்தாக்குக்குப் பக்கத்தில் இரவு தங்கிவிடுவது என்று மாற்றினோம். அப்புறம் கைப்பேசி பெரும்பாலான இடத்தில் எடுக்காது. வரைபடத்தை முன்னாடியே இறக்கி வைத்தோம், எத்தனை மணிக்குள் இறங்கி வருவோம் என்று தங்குமிடத்தில் சொல்லிவிட்டும் போனோம். வெயில் 36 டிகிரியைத் தொடும் என்று முன்னறிவிப்பு இருக்கிற நாளில், காலையில் குறித்த நேரத்துக்கு மேல் அந்த விளிம்புப் பாதையில் யாரையும் ஏறவிட மாட்டார்கள். எங்கள் நாளில் அந்தக் கவலை இல்லை.

ஏழேகாலுக்குப் பொழுது புலர்ந்தது. ஏழரைக்குப் படியில் கால் வைத்தோம். ஒழுங்கில்லாத கல் படிகள், ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது விரல் உயரம். மாமா ஐம்பதுக்கு ஒருமுறை நின்று, எண்ணிக்கையை உரக்கச் சொல்லிவிட்டு ஏறினார். மேலே போனதும் எதிரே தேன்கூட்டைக் கவிழ்த்து வைத்தது போல நூற்றுக்கணக்கான பாறைக் குமிழ்கள், காலை வெயிலில் செம்மண் நிறத்தில் நின்றன. ஒரு பாறை புதிதாகப் பிளந்த இடத்தில் குனிந்து பார்த்தேன். உள்ளே வெள்ளை மணற்கல். சிவப்பெல்லாம் மேல்தோல்தான், கல்லில் உள்ள இரும்பு துருப்பிடித்துப் பூசிய பூச்சு. விரல் நகத்தின் கனம்கூட இல்லை. இன்னொரு இடத்தில், எங்கள் ஊர்த் தஞ்சோங் பூங்கா கடற்கரையில் அலை வாங்கிய பிறகு மணலில் கிடக்குமே, அதே வரிவரியான நெளிவு கல்லாய் உறைந்து கிடந்தது. தம்பி அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

இரண்டாவது மணி நேரத்தில் மாமாவின் கருநீலத் தொப்பியைப் பார்த்தேன். நெற்றிப் பட்டையைச் சுற்றி வெள்ளைக் கோடு, ஓரம் வளைந்து வளைந்து, கடல்நீர் காய்ந்த பாய் போல. தொட்டால் உப்பு, துளி ஈரம் இல்லை. "தாகமே இல்லடா" என்றார். நான் கைக்கடிகாரத்தைக் காட்டினேன். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலு வாய் என்று பினாங்கிலேயே பேசி வைத்தது. பேசாமல் குடித்தார்.

மரப்படிகளில் இறங்கினால் பள்ளத்தாக்கின் இடுக்கில் ஒரு சுனை. ஏதேன் தோட்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் பாறை காய்ந்து கிடக்க, அங்கே மட்டும் நிழல், குளிர்ச்சி, ஈச்ச ஓலை போல் விரிந்த சைகாட் செடிகள். இந்த நாடு ஈரமாக இருந்த காலத்தில் பரவியிருந்து, இப்போது இது போன்ற இடுக்குகளில் தங்கிவிட்டவை. மாமா காலணியைக் கழற்றவில்லை, தண்ணீரில் கை வைக்கவும் இல்லை. கரைப்பாறையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுவும் தண்ணீர்மலைதான்டா" என்றார், மெல்ல.

சரி, பாதிப் பாதை இன்னும் பாக்கி. பாட்டில்களை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஆளுக்கு ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. பையை மாட்டிக்கொண்டு எதிர்ப்பக்கப் படியில் ஏறினோம்.