பொறுப்பேற்பீர்களா டீச்சர்?

"பிள்ளைகளைக் கூடாரத்தில் படுக்க வைத்தால் நீங்கள் பொறுப்பேற்றுக்கொள்வீர்களா டீச்சர்?" என்று முகாம் தலைவர் கேட்டார். "வேண்டாம் சார், வகுப்பறையிலேயே படுக்கட்டும்" என்றேன். சாரணர்களான பையன்களுக்கும் சாரணியரான பெண் பிள்ளைகளுக்கும் மாநில அளவில் தரப்படும் ராஜ்ய புரஸ்கார் விருதுக்கான தேர்வு முகாமில் நடந்த பேச்சு இவ்வளவுதான். யாரும் எதையும் தடுக்கவில்லை. அவர் மரியாதையாகவே கேட்டார், முடிவை என்னிடம் விட்டார், நான் முடிவெடுத்தேன். இருந்தும் அந்தக் கேள்வி இன்றுவரை மனத்தில் நெருடிக்கொண்டே இருக்கிறது.

என்னிடம் காரணங்கள் இல்லாமல் இல்லை. மைதானத்தின் பின்பக்கச் சுற்றுச்சுவர் ஓரிடத்தில் இடிந்து கிடந்தது. கழிப்பறை கட்டடத்தின் மறுகோடியில் இருந்தது. போகும் வழியில் விளக்கு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்றோரிடம் கையொப்பம் வாங்கிய ஒப்புதல் கடிதத்தில் "இரவில் பாதுகாப்பான கட்டடத்தில் தங்க வைக்கப்படுவர்" என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். அந்த வரி இல்லாவிட்டால் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள் என்பது சாரணியர் படை நடத்தும் எந்த ஆசிரியைக்கும் தெரியும்.

ஆனால் அதே இடிந்த சுவருக்குப் பக்கத்தில்தான் பையன்களின் கூடாரங்கள் வரிசையாக நின்றன.

அன்று பிற்பகல் கூடாரம் அமைக்கும் தேர்வில் எங்கள் மல்லிகை அணி நல்ல மதிப்பெண் வாங்கியது. முளைகள் சாய்வாக இறங்கியிருந்தன, கயிறுகள் விறைப்பாக நின்றன, மழைநீர் வடிவதற்குச் சுற்றிலும் சிறு வாய்க்கால்கூட வெட்டியிருந்தார்கள். தேர்வாளர் போன பிறகு, பிரித்துச் சுருட்டச் சொன்னேன். அணித்தலைவி கயிற்றை அவிழ்க்காமல் நின்று, "டென்ட் சரியா போட்டிருக்கோமான்னு உள்ள படுத்துப் பார்த்தாதானே டீச்சர் தெரியும்?" என்றாள். "மார்க் போட்டாச்சும்மா, பிரி" என்றேன். அவள் முகம் சுளிக்கவில்லை. முளைகளைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, எண்ணிப் பையில் போட்டாள். அந்தக் கூடாரத்தை மாலையில் பையன்கள் கேட்டு வாங்கிப்போய், இடநெருக்கடி என்று சொல்லித் தங்கள் வரிசையில் அடித்துக்கொண்டார்கள். அதில் தவறென்று சொல்ல ஒன்றுமில்லை. கூடாரம் சும்மாதானே கிடந்தது.

நம் நாட்டில் இரு பாலருக்கும் ஒரே இயக்கம் என்று பயிற்சி வகுப்புகளில் பெருமையாகச் சொல்வோம், அது உண்மையும்கூட. 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவாகி, 1951 ஆகஸ்ட் 15 அன்று சாரணியர் சங்கமும் அதனுடன் இணைந்தது. அமெரிக்காவில் ஆண்களுக்கென்றே இருந்த சாரணர் அமைப்பு 11 வயதுக்கு மேற்பட்ட பெண்களைத் தன் படைகளில் சேர்க்க 2019 ஆகிவிட்டது. அங்கே பெண் சாரணியர் அமைப்பு இன்றும் தனியாகத்தான் இயங்குகிறது. நமக்கோ உறுதிமொழியும் ஒன்று, படிநிலைகளும் ஒன்று, கடைசியில் கிடைக்கும் சான்றிதழும் ஒன்று. ஒன்றாக இல்லாதவை பாடத்திட்டத்தில் எழுதப்படாதவை. தொடக்க விழாவில் கொடி மரத்தருகே அணிவகுப்பு மரியாதைக்குப் பையன்கள் நின்றார்கள். சந்தனக் கிண்ணமும் கல்கண்டுத் தட்டும் ஏந்தி வாசலில் என் பிள்ளைகள் நின்றார்கள். பாத்திரமில்லாச் சமையலில் பையன்கள் சுட்ட கருகிய உருளைக்கிழங்கைச் சுற்றிப் பெரிய கூட்டம். எங்கள் அணி தீயில் வாட்டிய ரொட்டியில் உப்பு குறைவென்று ஒரு மதிப்பெண் குறைந்தது. (உப்பு குறைவுதான், நானும் தின்று பார்த்தேன்.)

இதையெல்லாம் பார்த்தபின், பெண்களுக்குத் தனி முகாமே நல்லது என்று எனக்குத் தோன்றும். சாரணியர் மட்டுமே கலந்துகொண்ட முகாம் ஒன்றில், விறகு பிளப்பது முதல் குழி தோண்டுவது வரை எல்லாம் அவர்களே செய்ததையும், வேறு ஆளில்லாததாலேயே தயக்கமின்றிச் செய்ததையும் பார்த்திருக்கிறேன். 1909-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் அணிவகுப்புக்கு அழைப்பில்லாமலே வந்து, தாங்களும் சாரணர்தான் என்று நின்ற சிறுமிகளுக்கு, அடுத்த ஆண்டே சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் தனி இயக்கம் அமைத்து, தன் தங்கை ஆக்னஸிடம் ஒப்படைத்தார். அவர்கள் கேட்டது தனி இயக்கமா என்பது வேறு விஷயம். ஆனாலும் அப்படிப் பிரிந்ததால்தான் பெண்கள் தலைமை ஏற்க ஓர் இடம் கிடைத்தது என்று நான் நம்புகிறேன். இப்படி நம்பும் நானே, கூட்டு முகாமில் என் பிள்ளைகளைக் கூடாரத்துக்கு அனுப்பவில்லையே என்று வருந்துவது பொருந்துகிறதா என்றால், பொருந்தவில்லை.

தனி முகாம் என்றாலும் அதை நடத்த ஆள் வேண்டும். பள்ளியில் சாரண ஆசிரியர் விடுப்பில் போனால் உடற்கல்வி ஆசிரியரோ வேறொருவரோ பையன்களை அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் போகாவிட்டால் எங்கள் படை அந்த ஆண்டு முகாமுக்கே போகாது. இரவு வெளியே தங்க ஓர் ஆசிரியை கிடைப்பது அவ்வளவு அரிது. நானே மாமியாரிடம் சமையலை ஒப்படைத்து, பையனின் தேர்வுத் தேதியைப் பார்த்து, அதன்பின்தான் பெயர் கொடுக்கிறேன். ஒரு சிறு அசம்பாவிதம் நடந்தால் அதோடு சாரணியர் படையே கலைந்துவிடும் என்ற அச்சத்தில்தான் அன்று அப்படிப் பதில் சொன்னேன். இன்று கேட்டாலும் அநேகமாக அதையேதான் சொல்வேன்.

அன்றிரவு ஒன்பது மணிவாக்கில் பையன்களின் பொறுப்பாசிரியர்களில் ஒருவர், காலையில் வந்துவிடுவதாகச் சொல்லி, பைக்கில் வீட்டுக்குப் போனார். முகாம் தலைவர் தலையசைத்து அனுப்பினார். பொறுப்பேற்பீர்களா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரும் தயங்கியிருக்கலாம், பையன்களும் வகுப்பறையில் படுத்திருக்கலாம். அதை நான் விரும்பியிருப்பேனா என்றும் தெரியவில்லை. என்னிடம் கேட்காமலேயே விட்டிருந்தால் மல்லிகை அணி தான் அடித்த கூடாரத்திலேயே படுத்திருக்கும், நான் விடிய விடியக் கண் விழித்து அதன் வாசலில் உட்கார்ந்திருப்பேன்.