சுழன்ற பிறகு அந்தத் துணி எங்கே போகிறது?

நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, துபாயிலிருந்து விடுப்பில் வந்த மாமா கொண்டுவந்த வீடியோ கேசட்டுகளில் ஒன்றில், யாரோ தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்த 'வொண்டர் வுமன்' என்ற அமெரிக்கத் தொடரின் எபிசோடுகள் இரண்டு இருந்தன. அவற்றுள் ஒன்றில் அந்த வீராங்கனை தலைக்கவசமும் முழங்கால் பட்டைகளும் அணிந்து ஸ்கேட்போர்டில் சறுக்கிக்கொண்டு போவாள். பள்ளி விடுமுறை முடிவதற்குள் அந்தக் கேசட்டை எத்தனை முறை ஓட்டினோம் என்பதற்குக் கணக்கில்லை. கண்ணாடி போட்ட அலுவலகப் பெண்ணான டயானா பிரின்ஸ் கைகளை விரித்துக்கொண்டு சுழல்வாள், ஒளி வெடிக்கும், அடுத்த கணம் சிவப்பும் நீலமும் தங்கமுமாக நிற்பாள். என் சித்தி மகள் அதைப் பார்த்துவிட்டுத் தானும் சுழன்று, தலைசுற்றித் திண்ணை விளிம்பில் தாடையை இடித்துக்கொண்டதில் மூன்று தையல் போட வேண்டியிருந்தது. ஐந்து வயதான அவள் எங்களில் யாருக்கும் தோன்றாத கேள்வி ஒன்றை ஒவ்வொரு முறையும் கேட்பாள்: "அக்கா, அவ போட்டிருந்த பழைய துணி எங்கக்கா போச்சு?" எனக்குப் பதில் தெரியாது.

இந்த ஆண்டு, வேலை முடிந்த பின் இரவுக்கு ஓர் எபிசோட் என்ற கணக்கில், அந்தத் தொடரின் மூன்று சீசன்களையும் முதலிலிருந்து கடைசிவரை பார்த்து முடித்தேன். ஏறத்தாழ 60 எபிசோடுகள். அதுவரை, எங்கள் கேசட்டில் இருந்தது தொடரின் பிற்பகுதி மட்டும்தான் என்பதோ, அதற்கு முன்னால் முற்றிலும் வேறு காலத்தில் நிகழும் ஒரு சீசன் இருந்தது என்பதோ எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த பிறகு என் கருத்து இதுதான்: எல்லோர் நினைவிலும் பதிந்திருப்பது சுழற்சிதான் என்றாலும், தொடரின் உயிர் இருந்தது அந்த முதல் சீசனில், ஒரு பெண் இன்னொரு பெண்ணை எதிரியென்று அடித்து வீழ்த்தாமல் அவளோடு உட்கார்ந்து பேசிய இடங்களில்.

வொண்டர் வுமன் என்ற பாத்திரம் 1941இன் இறுதியில் ஒரு காமிக்ஸ் இதழில் பிறந்தது. அதைப் படைத்த வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் ஓர் உளவியலாளர். பொய்யறியும் கருவிக்கு அடிப்படையான இரத்த அழுத்தச் சோதனையை வகுத்தவரும் அவரே. தொடரில் டயானாவின் தங்கக் கயிற்றால் கட்டப்பட்டவர் பொய் சொல்ல முடியாது என்பதைப் பார்க்கும்போது அவருடைய ஆய்வுக்கூடம் நினைவுக்கு வராமல் போகாது. தொலைக்காட்சிக்கு அவளைக் கொண்டுவரும் முயற்சி எளிதில் கைகூடவில்லை. 1967இல் எடுக்கப்பட்ட ஐந்து நிமிடச் சோதனைப் படம் முழு நகைச்சுவையாகிப் போனது. 1974இல் கேத்தி லீ கிராஸ்பி நடித்த படம் ஒன்று வந்தது. அதில் அவருக்குப் பொன்னிற முடி, கழுத்துவரை மூடிய உடை, அமானுஷ்ய ஆற்றல் என்று சொல்லத்தக்கதாக எதுவுமில்லை. அதைப் பார்த்த காமிக்ஸ் வாசகர்கள் இது வேறு யாரோ என்றுதான் நினைத்திருப்பார்கள். இதற்கெல்லாம் பிறகு, 1975 நவம்பர் 7 அன்று ஏபிசி தொலைக்காட்சியில் லிண்டா கார்ட்டர் நடித்த பைலட் படம், அதாவது தொடருக்கு முன்னோடியான முதல் படம், ஒளிபரப்பானது. பழைய காமிக்ஸின் வழியிலேயே இரண்டாம் உலகப் போர்க்காலத்துக்குத் திரும்பியிருந்தார்கள்.

அந்தப் பைலட் படத்தை உருவாக்கிய ஸ்டான்லி ரால்ஃப் ராஸ், 1960களின் கேலித்தனமான 'பேட்மேன்' தொடருக்கும் எழுதியவர். எனவே படம் முழுக்க அந்தக் குறும்பு பரவிக் கிடக்கிறது. காட்சி மாறும்போதெல்லாம் காமிக்ஸில் வருவதுபோலக் கட்டத்துக்குள் எழுத்துகள் தோன்றுகின்றன. டயானாவோடு பணியாற்றும் இராணுவ அதிகாரி ஸ்டீவ் ட்ரெவராக நடித்த லைல் வேகனர் அந்தப் பேட்மேன் வேடத்துக்கே ஒருகாலத்தில் திரைச்சோதனை கொடுத்து வாய்ப்பை ஆடம் வெஸ்டிடம் இழந்தவர். அமேசான்கள் என்ற வீரப் பெண்கள் மட்டுமே வாழும் தீவிலிருந்து வாஷிங்டன் நகருக்கு வந்து சேர்ந்த டயானா, கையில் காசில்லாததால், தன்மீது சுடப்படும் தோட்டாக்களைக் கைக்காப்புகளால் தடுத்துக்காட்டும் மேடைக் காட்சி ஒன்றுக்கு ஒப்புக்கொள்கிறாள். சுட விரும்புபவர்கள் வரலாம் என்று அறிவித்ததும் பார்வையாளர் கூட்டத்திலிருந்து ஒரு வயதான அம்மாள் எழுந்து வந்து, சாவகாசமாக ஓர் இயந்திரத் துப்பாக்கியை எடுத்துச் சடசடவென்று சுடுகிறாள். என்னோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா அந்த இடத்தில் சிரித்த சிரிப்பில் காப்பி கொட்டிவிட்டது.

ஆனால் இத்தனை கேலிக்கும் நடுவில் ஒருவர் மட்டும் சிரிப்பு மூட்ட முயல்வதே இல்லை. லிண்டா கார்ட்டர் அந்த நட்சத்திர உடையில் நின்றுகொண்டு, 'இதெல்லாம் விளையாட்டுதான், உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும்' என்ற பாவனையில் ஒருமுறைகூடப் பார்வையாளரைப் பார்ப்பதில்லை. 1972இல் மிஸ் வேர்ல்டு யுஎஸ்ஏ பட்டம் வென்றவர், அரிசோனாவைச் சேர்ந்தவர், அதற்கு முன் சொல்லிக்கொள்ளும்படியான நடிப்பு அனுபவம் இல்லாதவர் என்றெல்லாம் தெரிந்துகொண்டு பார்த்தால் இது இன்னும் வியப்பாக இருக்கிறது. ஆண்களின் உலகில் நடக்கும் ஒவ்வொரு மடத்தனத்தையும், ஊருக்குப் புதிதாக வந்த விருந்தாளி அந்த ஊர் வழக்கத்தைக் கவனிப்பதுபோல மரியாதையோடும் கொஞ்சம் வருத்தத்தோடும் அவர் கவனிக்கிறார். அந்த முகம் மட்டும் இல்லாவிட்டால் இத்தொடர் பத்து நிமிடத்தில் சலித்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

முதல் சீசனில் நான் இருமுறை பார்த்தது 'ஃபாஸ்டா: நாஜி வொண்டர் வுமன்' என்ற எபிசோட், 1976 ஏப்ரலில் வந்தது. லிண்டா டே ஜார்ஜ் நடித்த ஃபாஸ்டா ஒரு நாஜி உளவாளி. டயானாவைப் பொறிவைத்துப் பிடித்து, ஆற்றல் தரும் அவளது ஒட்டியாணத்தின் இரகசியத்தை அறிந்து, ஜெர்மனிக்கே கொண்டுபோய்விடுகிறாள். திட்டம் வகுத்தவளும் செய்து முடித்தவளும் அவளே. எனினும் அவளுக்கு மேலே இருக்கும் அதிகாரிகள் அவளைப் பொருட்படுத்துவதில்லை. பெண்தானே என்ற ஏளனம் அவர்கள் பேச்சில் தெரிகிறது. சிறைப்பட்டிருக்கும் டயானா இதைக் கவனித்து, உன் அறிவையும் துணிவையும் மதிக்காத இவர்களுக்காகவா நீ உழைக்கிறாய் என்ற பொருளில் அவளிடம் பேசுகிறாள். அந்தப் பேச்சில் பிரசங்கத்தின் தொனி இல்லை. சக தொழிலாளி ஒருத்தி மற்றொருத்தியிடம், நீயும் நானும் ஒரே சம்பளத்துக்குத்தான் மாரடிக்கிறோமா என்று விசாரிப்பதுபோல இருக்கிறது. ஃபாஸ்டா உடனே மாறிவிடுவதில்லை. அவள் முகத்தில் முதலில் எரிச்சல்தான் வருகிறது. இறுதியில் அவள் அணி மாறுகிறாள். நாஜிக் கட்சியின் பிற குற்றங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டுப் பெண்களை நடத்தும் விதத்தை மட்டும் பேசுவது வரலாற்றைச் சுருக்கிவிடுகிறது என்று ஒருவர் குறைசொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் 1976இல், குடும்பமாக உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில், வில்லியை அடித்து வீழ்த்தாமல் பேசித் தன் பக்கம் கொண்டுவந்த நாயகியை எழுதியவர்களுக்குத் துணிவு இருந்திருக்க வேண்டும்.

இந்தத் துணிவு வானத்திலிருந்து விழுந்ததன்று. 1972 ஜூலையில் குளோரியா ஸ்டைனம் தொடங்கி நடத்திய 'மிஸ்' என்ற பெண்ணிய இதழின் முதல் மாத வெளியீட்டு அட்டையில் வொண்டர் வுமன்தான் இருந்தாள். பெண்களுக்கு ஆண்களோடு சம உரிமை தரும் சட்டத்திருத்தம் பற்றிய விவாதம் அமெரிக்கா முழுக்க நடந்துகொண்டிருந்தது. டயானாவின் தங்கையாக டெப்ரா விங்கர் அறிமுகமாகும் இருபகுதி எபிசோடுக்கு 'தி ஃபெமினம் மிஸ்டீக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கைக்காப்பு செய்யும் உலோகத்தின் பெயர் ஃபெமினம். பெட்டி ஃப்ரீடன் 1963இல் எழுதிய 'தி ஃபெமினின் மிஸ்டீக்' என்ற புகழ்பெற்ற பெண்ணிய நூலின் தலைப்பை வைத்து ஆடிய சொல்விளையாட்டு அது. சிறுவர்களுக்குப் புரியாது, பெரியவர்கள் புன்னகைத்திருப்பார்கள்.

போர்க்காலத்தைக் காட்டுவதற்கு ஆகும் செலவு ஒரு காரணமாக, ஏபிசி அடுத்த சீசனுக்குத் தயங்கியது; தொடர் சிபிஎஸ் தொலைக்காட்சிக்குப் போனது. 1977 செப்டம்பரில் கதை ஒரே தாவலில் 1970களுக்கு வந்துவிட்டது. அமேசான் பெண்களுக்கு வயதாவதில்லை என்பதால் டயானா அப்படியே இருக்கிறாள். ஸ்டீவ் ட்ரெவருக்கு மட்டும் வயதாகுமே என்றால், அவருடைய மகன் ஸ்டீவ் ட்ரெவர் ஜூனியராக அதே லைல் வேகனர் வந்து நிற்கிறார். நம் ஊர்ப் படங்களில் இரட்டை வேடத்துக்குப் பழகியவர்களுக்கு இதில் அதிர்ச்சி எதுவும் இருக்காது. பேசும் கணினி ஒன்று வருகிறது, ரோவர் என்ற குட்டி இயந்திரம் அலுவலகத்தில் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிறது, டிஸ்கோ வருகிறது, என் பால்யத்தின் ஸ்கேட்போர்டும் வருகிறது. மங்கிய வெள்ளி நிறத்தில் இருந்த கைக்காப்புகள்கூடத் தங்கமாகிவிடுகின்றன. எல்லாம் பளபளக்கிறது. ஆனால் ஃபாஸ்டாவோடு நடந்ததைப் போன்ற உரையாடல் எனக்கு அகப்படவில்லை. வில்லன் வருகிறான், துரத்துகிறாள், பிடிக்கிறாள். மூன்றாம் சீசனின் நடுவில் நான் இரண்டு முறை உறங்கிப்போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இனி அந்தச் சுழற்சிக்கு வருகிறேன். டயானா பிரின்ஸ் எப்படி வொண்டர் வுமனாக மாறுவாள் என்பதைத் திரையில் காட்டுவதற்கு வழி தேடிக்கொண்டிருந்தபோது, நடனம் பயின்றிருந்த கார்ட்டரே சுழன்று காட்டலாம் என்று யோசனை சொன்னார். தொடக்கத்தில் அது மெதுவாக நிகழ்ந்தது. கேமராவை அசையாமல் நிறுத்திவைத்து, அவர் போய் உடையும் ஒப்பனையும் மாற்றிக்கொண்டு வந்து அதே இடத்தில் மீண்டும் சுழல வேண்டும்; பின்னர் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கரைய விடுவார்கள். இதற்கு நேரம் நிறையப் பிடித்தது. சில எபிசோடுகளுக்குப் பிறகு, இடியோசையோடு ஒளி வெடிப்பதைச் சேர்த்து, மாற்றத்தை அந்த வெளிச்சத்துக்குள் மறைத்துவிட்டார்கள். நாங்கள் கேசட்டில் பார்த்தது அந்த வெடிப்பைத்தான்.

இதே வெடிப்பை எடுத்துக்கொண்டு டாரா பர்ன்பாம் என்ற அமெரிக்கக் கலைஞர் 1978-79இல் ஒரு வீடியோப் படைப்பைச் செய்தார். ஏறக்குறைய ஆறு நிமிடம். ஒளிபரப்பான தொடரிலிருந்து எடுத்த துண்டுகளை வெட்டி ஒட்டி, கார்ட்டரைத் திரும்பத் திரும்பச் சுழலவைத்தார். முதல் சில சுழற்சிகள் வரை உற்சாகமாக இருக்கும். அதற்கு மேல் அவள் எதற்காக மாறுகிறாள், மாறி எங்கே போகிறாள் என்ற எண்ணம் வந்து, ஒரு பொம்மையைச் சாவி கொடுத்து ஆட்டுவதைப் பார்க்கும் சங்கடம் நெஞ்சில் ஏறும். அலுவலகப் பெண், அல்லது அதிசயப் பெண். இரண்டுக்கும் இடையில் சாதாரணமாக இருப்பதற்கு இடமே இல்லை. தொடரை நேசிக்கும் நான் இந்தப் படைப்பையும் மதிக்கிறேன். அதில் கேட்கப்படும் கேள்வி நியாயமானது.

உடையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உடை வடிவமைப்பாளர் டான்ஃபெல்டு தைத்தது அழகான உடைதான்; ஆனால் அதை உடுத்திக்கொண்டு சண்டை போடச் சொல்வது கொடுமை. "இந்தப் பொண்ணுக்குக் குளிரவே குளிராதாடி?" என்று அம்மா கேட்டது விளையாட்டுக்காக மட்டுமன்று. 2016 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் அவை இந்தப் பாத்திரத்தைப் பெண்களுக்கான கௌரவத் தூதராக அறிவித்தபோது, விழாவுக்குக் கார்ட்டரும் வந்திருந்தார். அவையின் ஊழியர்கள் சிலர் அங்கேயே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் தூதர் பொறுப்பும் முடிந்துவிட்டது. எதிர்த்தவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. அதே வேளையில், நடிகைகளுக்கு விக் வைத்த ஆண்களே டூப் போடுவது வழக்கமாயிருந்த காலத்தில், அந்த உடையைப் போட்டுக்கொண்டு கார்ட்டருக்காகக் குதித்தவர் ஜீனி எப்பர் என்ற பெண் என்பதையும் சேர்த்தே நினைக்கத் தோன்றுகிறது. திரையில் பெயர் பெரிதாக வராத அவருடைய முதுகைத்தான் நாம் பல காட்சிகளில் வீராங்கனை என்று பார்த்திருக்கிறோம்.

பைலட் படத்தை மறுபடியும் ஓட்டியபோது ஓரிடத்தில் நிறுத்தினேன். வெடிப்பு என்ற தந்திரம் வருவதற்கு முந்தைய மெதுவான சுழற்சி அது. கூந்தல் அவிழ்கிறது, உடை கரைகிறது, சுழற்சி அடங்குகிறது. வொண்டர் வுமன் நிற்கிறாள். அவள் கையில், சற்றுமுன் உடுத்தியிருந்த துணி அப்படியே தொங்குகிறது. அதை என்ன செய்வது என்று அவளேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் காட்சியைப் படமெடுத்துச் சித்தி மகளுக்கு அனுப்பினேன். அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். தாடையில் தழும்பு இன்னும் இருக்கிறது. "நீ கேட்டுக்கிட்டே இருப்பியே, அந்தத் துணி கையிலதான் இருக்கு, பார்" என்று எழுதியிருந்தேன். இரவு வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது: "நல்லா பாத்தியாக்கா? அப்ப அதையும் அவதான் துவைக்கணும்."